எட்டாவது குழாய்

போன மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன். ரத்தம் பார்த்து வைக்கச் சொன்னார்கள் என்று சாம்பிளை நானே கையில் எடுத்துக்கொண்டு, முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய அதே ரத்த வங்கிக்குப் போனேன். என் பழைய எட்டுக் குழி சென்ட்ரிஃப்யூஜ் இருந்த மூலையில் இப்போது பீரோவைப் படுக்க வைத்த மாதிரி ஒரு மெஷின். கண்ணாடிக் குழாயே கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் ஆறு பள்ளம். டியூட்டியில் இருந்த பெண் இரண்டு ரத்தப் பைக்கு இரண்டு பள்ளத்தை நிரப்பிவிட்டு அட்டையை உள்ளே தள்ளினாள்.

"நோயாளியோட சொந்த ரத்தத்தை அதுல வைக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"தேவைப்பட்டா மட்டும் போடுவோம் மேடம். டைம் ஆகும்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தப்பாக நினைத்திருப்பாள். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பெயர் ரெஜினா. அது நான்தான்.

மெஷினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு என் கண்ணைவிட நல்ல கண். அந்தக் காலியான பள்ளத்தைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வந்தவளை எழுதாமல் அனுப்ப முடியவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் லேப் டெக்னீஷியன் கோர்ஸ், இரண்டு வருடம். அதில் மறக்காமல் நிற்பது ஹாஸ்டல் சாம்பார் ஒன்றுதான். உண்மையில் வேலை கற்றது திண்டுக்கல்லில், ஹமீதா டாக்டரிடம். பேகம்பூரில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்தே தினமும் ஆட்டோவில் வந்து இறங்குவார். எங்கள் ரத்த வங்கிக்கு அவர்தான் அதிகாரி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீருக்குச் சீரம் என்று பேர். அதில் இரண்டு சொட்டை ஒரு குழாயில் விட்டு, ஏற்ற நினைக்கும் பையிலிருந்து சிவப்பணு ஒரு சொட்டு சேர்ப்போம். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முக்கால் மணி நேரம் அது நிற்கும். பிறகு உப்பு நீரில் மூன்று தடவை கழுவி, கூம்ஸ் என்ற திரவத்தை விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுப்போம். அடியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். குழாயை மெல்ல ஆட்டினால் அந்தப் பொட்டு புகையாகக் கலைந்து மேலே வர வேண்டும். வந்தால் அந்தப் பை சேரும். மணல் மணலாக, கட்டி கட்டியாக மிதந்தால் சேராது. ஏற்றினால் ஆளுக்கு ஆபத்து.

சென்ட்ரிஃப்யூஜில் எட்டுக் குழி. ஏழில் ஏழு பையின் குழாய்களை வைத்துப் பார்க்கலாம். எட்டாவது குழி நோயாளிக்கே உரியது என்பது ஹமீதா டாக்டரின் சட்டம். நோயாளியின் சீரத்தில் நோயாளியின் சிவப்பணுவையே கலந்து, குழாயின் மேல் கண்ணாடியில் எழுதும் பென்சிலால் 'சொ' என்று எழுதி வைக்க வேண்டும். அதற்குச் சொந்தக் குழாய் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். அதைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதும்வரை, சேரும் சேராது என்று ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது.

"ஒருத்தவுகளுக்குச் சண்டை வெளி ஆளோடயா, தன்னோடயேவான்னு தெரியாம நீ என்னத்தப் பதில் சொல்லுவ?" என்பார்.

நியாயம்தான். ஆனால் அத்தனை வருடத்தில் என் கையில் ஒரு தடவைகூட அந்தக் குழாய் கட்டி கட்டியதில்லை. தன் ரத்தம் தன்னோடு சேராமல் போகுமா என்று எனக்குள் ஒரு இளக்காரம். போதாததற்கு நான் கை வேகத்துக்குப் பேர் போனவள். வேகமான கைக்கு ஏழு குழி எப்போதும் பத்தாது.

பஞ்சவர்ணம் வந்த அன்று காலை டாக்டர் சிறுமலைக்கு ரத்த தான முகாமுக்குப் போயிருந்தார். மலையில் அப்போது செல்போன் எடுக்காது. ஊரெல்லாம் டெங்கு. ஜன்னலுக்கு வெளியே சீட்டு நீட்டிய கைகளை எண்ணி முடியாது. அதில் ஒரு கை சின்னச்சாமியுடையது. சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் மனுஷன். வார்டில் படுத்திருந்தது அவர் சம்சாரம் பஞ்சவர்ணம். கண் மஞ்சளாக இருந்ததால் காமாலை என்று முடிவு கட்டி, மூன்று வாரமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்திருக்கிறார்கள். உப்பில்லாப் பத்தியம் வேறு. பூப்பறிக்கப் போனவள் செடிக்கு நடுவில் உட்கார்ந்தவள் எழவில்லையாம். பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ரத்தம் மூன்று கிராம் இருந்தது. அன்றைக்குள் ரத்தம் ஏறவில்லையென்றால் இதயம் தாங்காது என்று சீட்டிலேயே வார்டு டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அவசரம் என்றதும் எனக்கு என் வேகத்தைக் காட்டத் தோன்றிவிட்டது. ஃபிரிட்ஜில் அவள் குரூப்பில் எட்டுப் பை இருந்தன. எட்டிலிருந்தும் சொட்டு எடுத்துக் கலந்து எட்டுக் குழியிலும் வைத்தேன். சொந்தக் குழாய் வைக்கவில்லை. தேவைப்பட்டால் வைக்கலாம், டைம் ஆகும்.

எட்டும் கட்டின. ஒன்றுகூடப் புகையவில்லை.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஜன்னலுக்குப் போய், "அண்ணே, இருக்கிற பை எதுவும் சேரலை. போனைப் போட்டுச் சொந்தக்காரவுகளை வரச் சொல்லுங்க. எம்புட்டுப் பேர் வந்தாலும் சரி" என்றேன்.

மனுஷன் போன் போட்ட ஒரு மணி நேரத்தில் பூ மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டியில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். அண்ணன், தம்பி, கொழுந்தன், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், பூக்கூடை மணத்தோடு. யாருமே காலையிலிருந்து சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் ரத்தம் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "மொதல்ல போயி இட்லி தின்னுட்டு வாங்க, மயங்கி விழுந்தா உங்களுக்கு நான் யாரைத் தேட?" என்று எல்லாரையும் விரட்டினேன். தின்றுவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு அதே குரூப். ஏழு பேரின் சாம்பிளையும் குழாயில் விட்டேன். எட்டாவது குழி காலியாக இருந்தால் மெஷின் தடதடக்கும் என்று, எடைக்கு ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றி அங்கே வைத்தேன்.

ஏழும் கட்டின.

வெளியே வந்து தலையை ஆட்டினேன். சின்னச்சாமி என்னையே பார்த்தார். "எங்க யாரோட ரத்தமும் அவளுக்கு ஆகலையா சிஸ்டர்? இனி யார்கிட்டப் போயி நிப்பேன்?" என்றார். பதினாறு பேரும் குனிந்தபடி நின்றார்கள். நான் உள்ளே திரும்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு ஹமீதா டாக்டர் சிறுமலையிலிருந்து திரும்பினார். ஒரு கையில் ரத்தப் பைகள் வைத்த ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் யாரோ கொடுத்தனுப்பிய மலை வாழைப்பழச் சீப்பு. இரண்டையும் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எடுத்துப் பார்த்தார். எட்டாவதை எடுத்தார். தண்ணீர் தளும்பியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"தண்ணிக்குப் பதிலா அந்தப் புள்ளையோட ரத்தத்தையே வச்சிருக்கலாமே, ரெஜினா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். முக்கால் மணி நேரம் காத்திருக்க நேரமில்லை என்று, பஞ்சவர்ணத்தின் சிவப்பணுவை மட்டும் எடுத்து அவரே மூன்று தடவை கழுவி, கூம்ஸ் விட்டுச் சுற்றினார். அப்படி நேராகவும் பார்க்கலாம். பத்து நிமிடம் ஆனது. குழாயை என்னிடம் நீட்டினார். ஆட்டினேன். பெரிய பெரிய கட்டியாகக் கிளம்பியது. அவள் ரத்தம் வெளி ஆள் யாரோடும் தனியாகச் சண்டை போடவில்லை. தன் சிவப்பணுவையே வேற்று ஆள் என்று நினைத்து உடைத்துக்கொண்டிருந்தது. காமாலை மாதிரி தெரிந்த மஞ்சள், அப்படி உடைந்ததன் மஞ்சள். தன்னையே உடைக்கிற ரத்தத்துக்குப் பதினாறு பேர் என்ன, திண்டுக்கல்லே திரண்டு வந்தாலும் சேராது. பத்து நிமிட வேலைக்கு ஐந்து மணி நேரத்தைத் தொலைத்திருந்தேன்.

அழுகை வந்தது. "அப்புறம் அழுகலாம். இப்ப குழாயை எடு" என்றார் டாக்டர்.

பஞ்சவர்ணத்துக்கு இதற்கு முன்னால் ரத்தம் ஏற்றியதுண்டா, எத்தனை பிரசவம் என்று விசாரித்துக்கொண்டார், அவற்றால் வெளி ஆளோடும் சண்டை வந்திருக்குமோ என்று பார்க்க. பிறகு காலையில் பார்த்த எட்டுப் பைகளையும் இரண்டு சுற்றாகத் திரும்ப வைத்தோம், இந்தத் தடவை சொந்தக் குழாயையும் சேர்த்து. அவள் ரத்தம் தன்னோடு எவ்வளவு கட்டுகிறதோ, அதைவிடக் கூடுதலாகக் கட்டாத பை எது என்று தேடினோம். அதில் ஆகக் குறைவாகக் கட்டிய பையை டாக்டர் தேர்ந்தெடுத்தார். வார்டு டாக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சேரவில்லை என்று எழுதிய பையை எப்படி ஏற்றுவது என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. "ஏத்தலைன்னா போயிரும். ஏத்துனா இருக்க வழியிருக்கு. நான் கையெழுத்துப் போடுறேன், பக்கத்துலயே உக்காந்திருக்கேன்" என்றார் ஹமீதா டாக்டர். ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, பையை மாட்டினார்கள்.

அந்த மாலையை நான் மறக்கப் போவதில்லை. சொட்டு மிக மெதுவாக விழுந்தது. டாக்டர் பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சின்னச்சாமி கால்மாட்டில் நின்றார். பையின் நம்பரைச் சரிபார்க்கும் சாக்கில் நானும் நின்றேன். சிறுநீர் நிறம் மாறுகிறதா, குளிருகிறதா, நெஞ்சு அடைக்கிறதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் பஞ்சவர்ணம், மூச்சு வாங்க, ஒன்று கேட்டாள்.

"என் உடம்புக்கே என்னையப் புடிக்கலையா டாக்டரம்மா?"

அதைக் கேட்டபோது அவள் கண்ணோரம் நீர் இறங்கியது. நாங்கள் வெளியே சொன்னதெல்லாம் வார்டுக்குள் அவள் காதுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"புடிக்காம இல்லத்தா. ஆள் அடையாளம் தெரியாமப் போச்சு, அம்புட்டுத்தான்" என்றார் டாக்டர். "உங்க தோட்டத்துல நாய் கெடக்கா?"

"ரெண்டு கெடக்கு."

"குட்டியா இருக்கையில என்ன செஞ்சீக?"

"வீட்டு ஆளுக எல்லாத்தையும் மோந்து பாக்க விட்டோம். ஒரு குட்டி பிள்ளையக் கடிக்கப் பாஞ்சுச்சு. அதைக் கொண்டுபோயி விட்டுட்டோம்."

"உடம்புக்குள்ளயும் அந்த வேலைதான் நடக்குது. நம்மளைக் காவல் காக்குற செல்லுக எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையில பொறக்குது. சிலது அங்கயே வளரும். சிலது இந்தா, இந்த நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற தைமஸ்ங்கிற சுரப்பிக்குப் போயி வளரும். சின்னப் பிள்ளையில அந்தச் சுரப்பி பெருசா இருக்கும், வயசாக வயசாகச் சுருங்கிரும். வளர்ற எடத்துல வச்சே, இது ஈரல், இது தோலு, இது கணையம்னு உடம்போட துண்டு ஒவ்வொண்ணையும் அதுக மூஞ்சிக்கு முன்னாடி காட்டும். எது வெறிகொண்டு பாயுதோ அதை வெளிய விடாது, அங்கயே செத்துரும். ஒண்ணு ரெண்டைக் கொல்லாம, மத்ததுகளை அதட்டி வைக்கிற வேலைக்கு வச்சுக்கிரும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கடிக்குது?"

"அம்புட்டையும் மீறிக் கொஞ்சம் தப்பிச்சு வந்துரும்த்தா. எல்லாருக்கும் வரும். எனக்கும் இருக்கு, இந்தா நிக்கிறாளே, இந்த ரெஜினாவுக்கு நெறையவே இருக்கும். அதட்டி வைக்கிற ஆளுக இருக்கிறதால சத்தமில்லாமக் கெடக்கு. உனக்கு அந்த ஆளுக சித்த கண் அசந்துட்டாக. ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது."

சின்னச்சாமி கால்மாட்டிலிருந்து முன்னால் வந்தார். "அந்த நாயை மட்டும் கொன்னுற முடியாதா டாக்டரம்மா?"

"அதைத் தனியாப் புடிக்க முடியாதப்பா. எல்லாத்தையும் கொன்னுட்டா, நாளைக்குக் காச்சல் வந்தா யாரு குலைக்கிறது? கட்டித்தான் போடணும். மாத்திரைதான் கயிறு. நாந்தான் நல்லாருக்கேனேன்னு நீங்களா அவுத்து விட்றக் கூடாது."

பஞ்சவர்ணம் லேசாகச் சிரித்தாள். உதட்டில் நிறமே இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் வார்டை விட்டு வெளியே வந்தேன். டாக்டர் அழுகலாம் என்று சொன்ன 'அப்புறம்' படிக்கட்டில் வந்துவிட்டது.

அவள் பிழைத்தாள். மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு மாதம் கழித்து மாத்திரையால் முகம் உப்பி, தன் கன்னத்தைத் தானே கிண்டல் செய்துகொண்டு வந்தாள். நான் அந்தக் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒரு சொந்தக் குழாயைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் சின்னச்சாமி அவளை மருந்துக்குக் கூட்டி வரும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் நின்று கையெடுத்துக் கும்பிடுவார். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். உள்ளே வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

மூன்று வருடம் போனது. ஹமீதா டாக்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். மாத்திரையைக் குறைத்துக் குறைத்து, பஞ்சவர்ணத்துக்கு முழுதாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் காலை அவளே ஜன்னலுக்கு வந்தாள். நல்ல சேலை, தலையில் அவள் தோட்டத்து மல்லிகை.

"சிஸ்டர், நல்லா இட்லி தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். எங்கிட்ட ஒரு பை எடுத்துக்கங்க. அன்னைக்கு எனக்கு யாரோ குடுத்த பை ஏறுச்சுல்ல" என்றாள்.

இந்த நோய் வந்தவர்களிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"அப்ப இன்னும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா?" என்றாள்.

உள்ளே கூப்பிட்டேன். வெளி ஆளை உள்ளே விடக் கூடாதுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அவள் கையில் இரண்டு மில்லி எடுத்தேன். ஒரே ஒரு குழாய். 'சொ' என்று எழுதினேன். கழுவுவதற்குச் சுற்ற விட்டேன். மெஷினின் இரைச்சலில் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"பஞ்சவர்ணம், அன்னைக்கு நான் ஒரு தப்புப் பண்ணேன். இந்தக் குழாயைக் காலையிலயே வச்சிருக்கணும். வைக்கலை. வச்சிருந்தா பத்து நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். உங்க ஆளுகளை அலைய விட்டு, மூணு மணி வரைக்கும் உன்னையச் சும்மா போட்டுட்டேன். நீ செத்திருந்தா அது என்னாலதான். உங்க வீட்டுக்காரர் கும்பிடும்போதெல்லாம் எனக்கு மேல் கூசுது."

முதல் கழுவல் முடிந்தது. இரண்டாவது கழுவலுக்கு உப்பு நீர் ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"எம்புட்டு நேரம் போச்சு சிஸ்டர்?"

"அஞ்சு மணி நேரம்."

"நாங்க கீழாநெல்லியைக் குடிச்சுக்கிட்டு மூணு வாரத்தைப் போக்குனோம்" என்றாள். "அந்த மனுசன்தான் தெனமும் அரைச்சுக் குடுத்தாரு. எனக்கு நல்லதுன்னு. அவருகிட்ட நான் எதுவும் கேக்கலையே."

மூன்றாவது கழுவல். கூம்ஸ் இரண்டு சொட்டு. கடைசிச் சுற்று. குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அவளை எழுந்து பக்கத்தில் வரச் சொன்னேன். அடியில் சிவப்புப் பொட்டு.

"ஆட்டப் போறேன். கட்டியா வந்தா இன்னும் கடிக்குதுன்னு அர்த்தம். புகை மாதிரி வந்தா இல்லை."

மெல்ல ஆட்டினேன். பொட்டின் ஓரத்திலிருந்து ஒரு இழை கிளம்பியது. பிறகு இன்னொன்று. ஒரு மணல்கூட இல்லாமல் முழுப் பொட்டும் கலைந்து மேலே வந்து, குழாய் முழுக்க ஒரே சிவப்பாக நின்றது.

அவள் ஒரு விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாய் படுத்துக்கிருச்சு சிஸ்டர்" என்றாள்.

ரிஜிஸ்டரை எடுத்து, அவள் பெயரை எழுதி, சொந்தக் குழாய், கட்டி இல்லை என்று எழுதினேன். வெளியே சின்னச்சாமி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் திருப்பிக் கும்பிட்டேன்.